மாற்று மருந்து இல்லாத ‘மருந்து’: பாராகுவாட் இன்னும் உரக்கடையில் கிடைப்பது ஏன்?

தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் நீங்கள், அடுத்த முறை பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனால் மோட்டார் ரூமை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூலையில் ஸ்பிரேயர், பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கலாம். வீட்டில் அதைக் ‘களை மருந்து’ என்பார்கள். லேபிளில் ‘பாராகுவாட் டைகுளோரைடு 24%’ என்று இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

1962-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் ‘கிராமோக்சோன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய களைக்கொல்லி இது. இலையில் பட்டால் சில மணி நேரத்தில் வாடிவிடும். களை பறிக்க ஆள் கிடைக்காத ஊரில், கூலியும் மிச்சம், ரிசல்ட்டும் சீக்கிரம். அப்பா ஏன் வாங்குகிறார் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை.

உடம்புக்குள் போனால் என்ன ஆகும்?

பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. ரத்தத்தில் கலந்ததும் நுரையீரல் செல்கள் அதைத் தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து, திசுவை அரிக்கும் மூலக்கூறுகளை அது திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. அதனால்தான், மூச்சுத்திணறும் நோயாளிக்குக்கூட ஆக்சிஜன் வைக்க டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

முதலில் வாயும் தொண்டையும் புண்ணாகும். அப்புறம் சிறுநீரகம் பழுதாகும். நுரையீரல் தழும்பேறி இறுகுவது அதற்குப் பிறகுதான். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ‘நல்லாத்தானே பேசுறான், சரியாயிரும்’ என்று வீட்டார் நம்பும் அந்த ஓரிரு நாள்தான் இந்த விஷத்தின் பெரிய கொடுமை. 2022 அக்டோபரில் கேரளத்தின் பாறசாலை இளைஞருக்குக் கஷாயத்தில் கலந்து கொடுக்கப்பட்டது இதுவே. 11 நாள் போராடி இறந்தார்.

‘நாங்க குடிக்கவா போறோம், அடிக்கத்தானே செய்றோம்’ என்று ஊரில் கேட்பார்கள். காயமில்லாத தோல் வழியாக இது அதிகம் உள்ளே போகாது என்பது உண்மை. ஆனால் ஒழுகும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, நனைந்த சட்டையோடு பாதி நாள் நின்றால் தோல் வெந்துவிடும். வெந்த தோல் விஷத்தைத் தடுக்காது. நீண்ட நாள் புழங்கியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு கூடுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகள் இதை வைத்துத்தான் போடப்பட்டன. சின்ஜென்டா நிறுவனம் அந்தத் தொடர்பை மறுக்கிறது.

சுவிட்சர்லாந்து 1989-லேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் நீதிமன்றமே அனுமதியை ரத்து செய்தது. ஆனாலும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்றார்கள். தன் வயலுக்கு ஆகாதது அடுத்தவன் வயலுக்கு ஆகுமாம்!

நமக்குப் பொருந்தும் உதாரணம் இலங்கை. அங்கே 2008-ல் தொடங்கி 2011-க்குள் பாராகுவாட்டையும் இன்னும் இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் படிப்படியாக நிறுத்தினார்கள். 2011-க்கும் 2015-க்கும் இடையே மொத்தத் தற்கொலை விகிதம் சுமார் 21% குறைந்தது. விளைச்சல் விழவில்லை.

இந்தியாவில் என்ன தடை?

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன் 27-வது பிரிவின்படி மாநில அரசு தற்காலிகமாக மட்டுமே விற்பனையை நிறுத்த முடியும். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். 2017-ல் யவத்மாலில் மருந்தடித்த விவசாயிகள் அடுத்தடுத்து இறந்தபோது, மகாராஷ்டிர அரசு சில பூச்சிக்கொல்லிகளுக்குப் போட்ட தடையும் 60 நாள்தான். பயிர்க்காலம் முடிவதற்குள் தடை முடிந்துவிடும். கடைக்காரர் ஸ்டாக்கை உள்ளே வைத்துக் காத்திருந்தால் போதும்.

டெல்லி மாறும்வரை உங்கள் வீட்டு பாட்டிலாவது பூட்டுக்குள் போகட்டும். மிச்சத்தைக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மேலே பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். வாயில் போனால், ஆள் தெம்பாக இருந்தாலும் நிமிஷத்தை வீணாக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள். டைதயோனைட் கலந்தால் சிறுநீர் நீலமாக மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். எய்ம்ஸ் விஷத் தகவல் மையம்: 1800 116 117. மனசு சரியில்லாமல் யாராவது அந்த பாட்டிலை நினைத்தால், டெலி-மனஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.