தருமத்தின் பணியாளனுக்குக் கூலி இல்லையா?

ஆரணிக்கு அணித்தேயுள்ள தேவிகாபுரம் பட்டு நெய்யும் ஊர். அங்கே ஒரு சேலை உருவாவதற்குள் எத்தனை கைகள் உழைக்கின்றன! சாயம் தோய்ப்பவர், பாவு ஓடுபவர், இழை பிணைப்பவர், தறியில் அமர்ந்து நெய்பவர் என ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. "நீ செய்வது நல்ல காரியம், ஆகவே கூலி கேளாதே" என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. சொன்னால் சேலை வராது என்பதை அவர் அறிவார்.

தருமம் செய்யும் இடத்தில் மட்டும் நாம் இந்த எளிய கணக்கை மறந்துவிடுகிறோம்.

அவ்வூரில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். பட்டதாரி. ஓர் அறக்கட்டளையின் சார்பில், சமய வேறுபாடு பாராமல், நெசவாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை பெற்றுத் தருவது அவர் பணியாயிருந்தது. மூன்றாண்டுகள் உழைத்தார். நிக்காஹ் பேச்சு வந்தபோது பெண் வீட்டார் கேட்டனர்: "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" "தரும காரியம் பார்க்கிறார்." "அது சரி, உத்தியோகம் என்ன?" ஊதியத்தைச் சற்று உயர்த்தித் தரும்படி அவர் கேட்டபோது நிர்வாகிகள், "கூலியை அல்லாஹ்விடம் பெற்றுக்கொள்ளுங்கள் தம்பி" என்றார்களாம். இன்று அவர் சென்னையில் கைப்பேசிக் கடையொன்றில் விற்பனையாளர். அவர் அமர்ந்திருந்த மேசை காலியாகக் கிடக்கிறது.

நம் சமுதாயத்தில் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மரித்த பின்னும் ஈந்தவர் எனப் புகழப்பெறும் கீழக்கரைச் சீதக்காதி நம்மவர். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே பயணிகளுக்காகச் சித்தீக் சராயை எழுப்பிய மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் சாஹிப் நம்மவர். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் நம் பெருமக்களின் கொடையால் எழுந்தன. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறித்தோம், நன்று. அக்கொடையை ஏழையின் வாசல்வரை சுமந்து சென்றவனை என்ன செய்தோம்?

திருமறை அவனை மறக்கவில்லை. ஜகாத்துக்கு உரியோர் எண்மரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணிக் காட்டுகிறது. முதலிரு இடங்கள் வறியோர்க்கும் தேவையுடையோர்க்கும். மூன்றாவது இடம் யாருக்கு? ஜகாத்தின் பணியில் ஈடுபடுவோர்க்கு! கடனாளிக்கும் வழிப்போக்கனுக்கும் முன்னதாக அந்தப் பணியாளன் வைக்கப்பட்டிருக்கிறான்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அப்துல்லாஹ் இப்னுஸ் ஸஅதீ என்பார், தமக்கு வசதியுண்டு என்று கூறிப் பொதுப்பணிக்கான ஊதியத்தை மறுத்தார். அவ்வாறு செய்யாதீர் என்றார்கள் உமர் (ரலி). தாமும் ஒருகால் அவ்வாறு மறுத்ததையும், பெற்றுக்கொண்டு பின் விரும்பினால் தருமம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததையும் எடுத்துரைத்தார்கள். வசதியுள்ளவரே ஊதியம் பெற வேண்டுமென்றால், வாடகை வீட்டில் வாழும் இளைஞரிடம் தியாகம் கேட்க நமக்கு என்ன உரிமை?

"அரசு நியமித்த வசூலாளருக்கே அப்பங்கு பொருந்தும்" என்று கூறும் உலமாக்கள் உளர். ஏற்போம். அவ்வாறாயின் ஜகாத்தைத் தொட வேண்டா. வக்ஃப் வருமானத்திலிருந்தும் பொது நன்கொடையிலிருந்தும் கொடுப்போம். "ஊதியம் கொடுத்தால் கைவைப்பான்" என்பார்க்கும் விடையுண்டு. தமக்கு வந்த அன்பளிப்பைத் தனியே எடுத்துவைத்த ஜகாத் வசூலாளரை நபிகள் நாயகம் (ஸல்) பகிரங்கமாகக் கண்டித்தார்கள். கூலியும் கொடு, கணக்கும் கேள் என்பதே அவர்கள் காட்டிய நெறி. நாமோ கூலியும் கொடுப்பதில்லை, கணக்கும் கேட்பதில்லை.

இன்று இப்பணி நல்ல மனம் ஒன்றால் மட்டும் நடப்பதன்று. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் மரபுக் கைத்தொழிலும் அப்பணிகளில் அடங்கும். தேவிகாபுரத்துத் தறிகளுக்காக அதைக் கேட்கத் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர் வேண்டாமா? 2025இல் வக்ஃப் சட்டம் திருத்தப்பட்டபோது கண்டனக் கூட்டங்கள் நடத்தினோம், நடத்தியது முறையே. அதே ஆண்டு ஜூனில் உமீத் இணையதளம் தொடங்கப்பெற்று, வக்ஃப் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்ற ஆறு மாதத் தவணை தரப்பட்டது. பத்திரத்தைத் தேடி, பட்டாவோடு ஒப்பிட்டு, பிழையின்றிப் பதிவேற்றும் ஆள் எத்தனை மஹல்லாக்களில் இருந்தார்? மேடையில் பேச ஆயிரம் பேர். மேசையில் அமர ஒருவர் இல்லை!

பிறர் விழித்துக்கொண்டனர். 1983இல் தொடங்கிய பிரதான் என்னும் அமைப்பு, படித்த இளைஞர்களை ஊதியம் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான தீப் ஜோஷிக்கு 2009இல் மகசேசே விருது கிடைத்தது. தொண்டுப் பணியைத் தேர்ந்த தொழிலாக உயர்த்தியமைக்கே அவ்விருது. நம் மதுரையிலேயே 2000 முதல் டாட்டா–தான் அகாடமி, பட்டதாரிகளுக்கு வளர்ச்சிப் பணியை ஈராண்டுப் படிப்பாகக் கற்பித்து வந்திருக்கிறது. அங்கே படிக்க நம் ஜமாஅத்துகள் எத்தனை பிள்ளைகளை அனுப்பின?

நாம் கேட்பவை மூன்றே. ஒவ்வொரு வட்டாரத்து ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஒன்றுகூடி, தகுதியுள்ள ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ, குடும்பம் நடத்தப் போதிய ஊதியத்தில் அமர்த்தட்டும். கணக்கு, சட்டம், திட்டமிடல் ஆகியவற்றில் பயிற்சிபெற அவர்க்குப் பொருள் உதவட்டும். ஆரணி, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் என ஊர்தோறும் தனித்துழலும் இவர்கள், மூன்று மாதத்துக்கொரு முறையேனும் கூடிப் பேச வழி செய்யட்டும். ஒருவர் பட்ட துன்பம் மற்றவர்க்குப் பாடமாகும். ஓரூரில் கண்ட வழி மற்றோரூர்க்கு உதவும். தனியே இருப்பவன் சோர்ந்து விலகுவான். கூட்டாளிகள் உள்ளவன் நிலைப்பான்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் மகன் தரும காரியம் பார்க்கிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் மகளுக்கு அத்தகைய மாப்பிள்ளை வந்தால், "உத்தியோகம் என்ன?" என்று இரண்டாம் முறை கேளாதீர்கள். திருமறை எட்டுப் பங்கில் ஒன்றை ஒதுக்கிய பணி அது. தேவிகாபுரத்தில் காலியாகக் கிடக்கும் அந்த மேசைக்கு ஆள் வருவது, உங்கள் விடையைப் பொறுத்தது.