ஆண்மைக்குப் பரீட்சை உண்டா?

திருச்சிக்கு அடுத்த புதுக்கோட்டை ஜில்லாவில், செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்த தோழர் சாந்தி சவுந்தரராஜன், 2006-ம் வருஷம் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். "பெண்தானா?" என்று பரீட்சை செய்து பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அவர் உடம்பை ஊரறியப் பேசித் தீர்த்தன. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சங்கம் பெண்கள் பிரிவுக்கு ஜீன் சோதனையையே கட்டாயமாக்கிவிட்டது.

போட்டி நியாயமாக நடக்க வேண்டாமா என்பார்கள். வேண்டியதுதான். ஆனால், நெட்டையாய்ப் பிறந்த ஆணை வீரனென்று புகழ்வதும், பலமாய்ப் பிறந்த பெண்ணைச் சந்தேகிப்பதும் என்ன நியாயம்? பலம் ஆணின் சொத்து என்னும் மூடநம்பிக்கையல்லவா இது?

மலைக்கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் பெண் குழந்தையை "ஆம்பிளை மாதிரி ஓடாதே" என்று அதட்டும் பெற்றோர்களே! அச்சோதனைக்கு விதை போடுவது நீங்களேயாகும். அவ்வார்த்தையை இன்றே விட்டொழியுங்கள்.