நெறி கட்டினால் சாறு போதாது!

பச்சைமலை அடிவாரத்தில், அரும்பாவூரில் பதினோரு வருசமாக மருந்து அடிக்காமல் விவசாயம் செய்கிறேன். இந்தக் கட்டுரை மருந்துக் கடைக்காரர்களுக்கு அல்ல, நமக்கு. நாம செய்யுற ஒரு தப்பைப் பற்றியது.

எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் ஒருநாள் கழுத்தைத் தடவிக் காட்டினார். "ஏம்ப்பா, நெறி கட்டியிருக்கு. வலி ஒண்ணும் இல்ல. என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டார். "அருகம்புல் சாறு குடிங்க பெரியப்பா, ரத்தம் சுத்தமாகும்" என்றேன். இரண்டு மாதம் குடித்தார். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்தது. ராத்திரியில் பாய் நனையும் அளவுக்கு வியர்வை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி, சதைப் பரிசோதனை. வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். டாக்டர்கள் லிம்போமா என்கிறார்கள்.

"மருந்து அடிச்சு அடிச்சுத்தான் வந்துச்சு" என்று ஊரில் பேசினோம். அப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா? நம்ம அப்பா காலத்தில் வெறுங்கையால் தூவிய பி.எச்.சி. பவுடரில் இருந்த லிண்டேன் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் உறுதி செய்தது. களைக்கொல்லியான கிளைபோசேட் புற்றுநோயை 'அநேகமாக' உண்டாக்கும் என்றும் அதே ஆண்டு சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 54,000-க்கும் மேற்பட்ட மருந்து தெளிப்போரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கிளைபோசேட்டுக்கும் இந்த நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. வயது, எச்.ஐ.வி., சில வைரஸ் தொற்றுகள், எதிர்ப்புச் சக்திக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணம் தெரிவதே இல்லை.

இதைச் சொல்வதால் நம்ம வாதம் பலவீனப்படாது. 2017-ல் நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் செத்தார்களே, அது ஒன்று போதாதா? 2022 அக்டோபரில் ஒன்றிய அரசே, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர யாரும் கிளைபோசேட் அடிக்கக் கூடாது என்று அறிவித்தது. விஷம் வேண்டாம் என்று சொல்ல உண்மையே போதும். நோயாளியை நம்ம வாதத்துக்குச் சாட்சியாக்க வேண்டாம்.

நாம தெரிஞ்சுக்க வேண்டியது வேறு. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், காட்ட வேண்டும். காரணமில்லாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு மெலிவது இருந்தால் இன்னும் சீக்கிரம். காசநோயிலும் இப்படித்தான் நெறி கட்டும். அதனால் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதோடு நிற்காமல், டாக்டர் சொன்னால் கட்டியை எடுத்துப் பரிசோதித்துவிட வேண்டும்.

வேகமாக வளரும் இந்த நோய்க்கு ஒரு நல்ல குணமும் உண்டு. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மருந்து நன்றாகத் தாக்கும். இதில் அதிகம் பேருக்கு வரும் வகைக்கு, வழக்கமாக 21 நாளைக்கு ஒருமுறை வீதம் ஆறு சுற்று மருந்து கொடுக்கிறார்கள். முழுச் சிகிச்சையும் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள்.

அந்த மருந்துகள் என்னென்ன தெரியுமா? ஒன்று வின்கிறிஸ்டின், நம்ம மண்ணில் விளையும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. இன்னொன்று டாக்சோரூபிசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தருவது. மழை பெய்ததும் மண்வாசம் கிளப்புவதும் அதே இனம்தான். அதுக்காக நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம். நூற்றுக்கணக்கான கிலோ இலையைச் சுத்திகரித்தால்தான் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். ரிடக்சிமாப் என்ற விலை உயர்ந்த மருந்தையும் 2007-லேயே ஐதராபாத் நிறுவனம் ஒன்று நம் நாட்டில் தயாரித்து விலையைக் குறைத்துவிட்டது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அட்டை எடுக்காதவர்கள் நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. சிகிச்சை நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது பச்சைச் சாறு, கழுவாத காய்கறி, சாணம், தொழுவுரம் எதுவும் ஆகாது. நன்றாக வேகவைத்த கஞ்சி, பருப்பு, முட்டை கொடுங்கள். அவர் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுங்கள். கூட ஒரு ஆள் பஸ்ஸில் போய் வாருங்கள்.

பெரியப்பா ஆறு சுற்றும் முடித்து இப்போது ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. இனி யாராவது கழுத்தைத் தடவிக் காட்டினால், நான் சொல்லப்போவது ஒன்றுதான்: "வண்டியில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."