மாடியறையில் இருந்தவர்



1861 ஜூலை 13, சனிக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அடுத்துள்ள கேம்பிரிட்ஜ் ஊரில், ஒரு பெரிய வீட்டின் நூலக அறையில் அடக்க ஆராதனை நடக்கிறது. பெட்டியில் இருப்பவர் 43 வயதான ஃபேனி. தலையில் ஆரஞ்சுப் பூ முடி வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு மணப்பெண்கள் சூடும் பூ அது. அன்று அவருடைய 18-ஆம் திருமண நாள். கணவர் மட்டும் அந்த அறையில் இல்லை. முகமும் கைகளும் வெந்து, அதே வீட்டின் மாடியில் படுத்திருந்தார்.

அந்தக் கணவர் கவிஞர் ஹென்றி லாங்ஃபெலோ. கிறிஸ்துமஸ் மணியோசையைப் பற்றி அவர் எழுதிய கவிதையை நம்மில் பலர் ஆங்கிலக் கேரலாகப் பாடியிருக்கிறோம். அவரை உலகம் அறியும். ஃபேனியைக் "கவிஞரின் மனைவி" என்பதோடு விட்டுவிடுவார்கள். நர்ஸ்களாகிய எங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஃபேனி பாஸ்டனின் உயர்குடிப் பெண். தந்தை நேத்தன் ஆப்பிள்டன், லோவெல் நகரத்துப் பஞ்சாலைகளை எழுப்பிய முதலாளிகளில் ஒருவர். அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு. மகளோ அடிமை முறையை எதிர்த்தவர். அதை எதிர்த்து முழங்கிய சார்ல்ஸ் சம்னர் ஃபேனியின் வீட்டுக்கு உற்ற நண்பர். தந்தைக்கும் சம்னருக்கும் ஆகவே ஆகாது. சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பணம் இருந்த வீட்டில் சாவும் இருந்தது. 1833-இல் தாய் போனார். 1835-இல் அண்ணன் சார்ல்ஸ் காசநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போன குடும்பம், 1836-இல் சுவிட்சர்லாந்தில் லாங்ஃபெலோவைச் சந்தித்தது. அவரும் துக்கத்தில் இருந்தவர்தான். முதல் மனைவி மேரி கருச்சிதைவுக்குப் பின் ராட்டர்டாம் நகரில் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவருக்கு ஃபேனியைப் பிடித்துப்போயிற்று. ஃபேனிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1839-இல் 'ஹைபீரியன்' என்ற கதையில் ஃபேனியையே ஒரு பாத்திரமாக எழுதிவிட்டார். பாஸ்டன் முழுவதற்கும் யாரென்று தெரிந்துபோயிற்று. ஃபேனிக்கு வந்த எரிச்சல் நியாயமானதே. (தம்பிமாரே, சம்மதம் கேட்காமல் ஒரு பெண்ணைப் பற்றி ஊரறிய எழுதுவது அன்றும் பலிக்கவில்லை.) ஏழு ஆண்டுகள் கழித்து, 1843 மே மாதம், ஃபேனி சம்மதக் கடிதம் அனுப்பினார். வண்டியில் உட்காரப் பொறுமை இல்லாமல் அவர் கேம்பிரிட்ஜிலிருந்து பாஸ்டனுக்கு நடந்தே போனாராம். ஜூலை 13-இல் திருமணம். முன்பு ஜார்ஜ் வாஷிங்டன் தங்கியிருந்து படை நடத்திய வீட்டை மாமனார் விலைக்கு வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்.

அந்த வீட்டில் ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். கணவருக்குக் கண் பலவீனம் வந்த நாட்களில் ஃபேனி அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினார். பிள்ளைகள் என்ன பேசினார்கள், எப்படி வளர்கிறார்கள் என்று தனியே குறிப்பு எழுதி வந்தார். பிற்காலத்தில் அந்த வீட்டைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் அந்தக் குறிப்புகள்தான் பொக்கிஷம்.

1846 அக்டோபரில் பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். பிரசவ வலிக்கு அதைக் கொடுக்கலாமா என்று பல மருத்துவர்களுக்கே பயம். போதாததற்கு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, வேதனையோடு பெறுவதுதான் தேவ கட்டளை என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். எடின்பரோவில் டாக்டர் ஜேம்ஸ் சிம்சன், ஆதாமுக்குத் தேவன் அயர்ந்த நித்திரையை வரப்பண்ணிய பிறகுதானே விலா எலும்பை எடுத்தார் என்று இரண்டாம் அதிகாரத்திலிருந்து பதில் சொன்னார். எங்களுக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும். 1847 ஏப்ரல் 7-ஆம் தேதி, நேத்தன் கீப் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுக்க, ஃபேனி மூன்றாம் குழந்தையைப் பெற்றார். அமெரிக்காவில் ஈதர் பெற்றுப் பிள்ளை பெற்ற முதல் தாய் அவர். துணிச்சல் அதிகம் என்று உறவினர் நினைத்ததை அவர் அறிவார். ஆனாலும், பெண்களுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டதில் தமக்குப் பெருமைதான் என்ற கருத்தில் நாத்தனாருக்குக் கடிதம் எழுதினார். பிறந்த பெண் குழந்தைக்கும் ஃபேனி என்றே பெயர். அது 17 மாதம்தான் இருந்தது.

இனி 1861 ஜூலை 9. வெயில் காலம். ஃபேனி மகளின் முடியைக் கத்தரித்து, ஒரு கற்றையை நினைவாக வைக்கக் காகிதத்தில் மடித்து அரக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தார். உருகிய அரக்கோ தீக்குச்சியோ, கோடைக்கான மெல்லிய உடையில் பட்டது. எரிந்தபடியே கணவரின் அறைக்கு ஓடினார். பகல் தூக்கத்திலிருந்து விழித்த லாங்ஃபெலோ தரைவிரிப்பை எடுத்துப் போர்த்தினார். அது போதவில்லை. தம் உடம்பாலேயே அணைத்துத் தீயை அவித்தார்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். ஓடினால் காற்று தீயை வளர்க்கும். தீ அணைந்ததும் குழாயில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். கேரல் ஆராதனையில் நைலான் தாவணியோடு மெழுகுவர்த்தி பிடிக்கும் தங்கைகளுக்காக இதை இடையில் சொன்னோம்.

உடம்பின் பெரும்பகுதி வெந்தால், தோலின் வழியே உடலின் நீர் மணிக்கணக்கில் கசிந்து, இரத்த ஓட்டமே தளர்ந்துபோகும். இன்று நாங்கள் முதலில் செய்வது நரம்பில் ஊசி ஏற்றி டிரிப் போடுவதுதான். அன்று அந்த வைத்தியம் இல்லை. டாக்டர்களால் வலியை மட்டுமே குறைக்க முடிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்தது ஈதர். 14 ஆண்டுகளுக்கு முன் பிரசவ அறையில் பயப்படாமல் சுவாசித்த அதே ஈதர். இரவு முழுவதும் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. காலையில் காபி கேட்டார். தீக்காயப்பட்டவர்கள் குடிக்க எதையாவது கேட்பதை நாங்கள் வார்டில் பார்த்திருக்கிறோம். அந்தத் தாகம் பொல்லாதது. ஜூலை 10 காலை பத்து மணிக்குச் சற்றுப் பின் ஃபேனி இறந்தார்.

நூலக ஆராதனை முடிந்து மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மறுநாள், ஜூலை 14, நோயுற்றிருந்த தந்தை நேத்தனும் இறந்தார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தாயும் இல்லை, தாத்தாவும் இல்லை. கடைக்குட்டி ஆனிக்கு ஐந்து வயது.

மாடியில் கிடந்தவர் கதை அதோடு முடியவில்லை. காப்பாற்றப் போனவருக்கும் காயம் உண்டு. கையில் கட்டுப் போடும்போதுகூட அவர்கள் தங்கள் கையைப் பார்ப்பதில்லை. மற்றவருக்கு எப்படி இருக்கிறது என்றே கேட்பார்கள். பதில் மோசமாகும்போது, "இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால்" என்று தொடங்குவார்கள். லாங்ஃபெலோவுக்குத் தம் புத்தியே பேதலித்துவிடுமோ என்ற பயம் வந்தது. ஆராதனையில் நிற்கவில்லை, பெட்டியோடு நடக்கவில்லை, மண் போடவில்லை. விசா கிடைக்காமல், தாயின் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் "எல்லாம் நல்லபடியாக முடிந்ததாமே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் இருப்போம். அவர்களுக்கு இன்னும் எதுவும் முடியவில்லை.

நாம் படங்களில் காணும் அவருடைய நீண்ட தாடி அதற்குப் பிறகு வளர்ந்தது. முகத்து வடுக்களில் சவரம் செய்ய முடியவில்லை. கவிதை வராத நாட்களில் தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1863-இல் மூத்த மகன் சார்லி சொல்லாமல் கொள்ளாமல் போய் உள்நாட்டுப் போரில் சேர்ந்தான். நவம்பர் இறுதியில் குண்டடிபட்டான். தகப்பனார் வாஷிங்டனுக்குப் போய் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தக் கிறிஸ்துமஸில் எழுதியதுதான் மணியோசைக் கவிதை.

ஃபேனியின் மரணத்தைப் பற்றி மட்டும் அவர் எதையும் அச்சில் கொடுக்கவில்லை. 1882-இல் அவர் இறந்த பிறகு, காகிதங்களுக்கு இடையே 14 வரிக் கவிதை ஒன்று இருந்தது. சுவரில் தொங்கும் ஃபேனியின் படத்தையும், மேற்கே ஒரு மலையின் சரிவில் சிலுவை வடிவில் உருகாமல் கிடக்கும் பனியையும் பற்றியது. அதில் இருந்த தேதி 1879 ஜூலை 10. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 18 ஆண்டுகள். அந்தக் கவிதையை எழுத அவருக்கு இன்னொரு 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.