பெட்ரோல் வாசம் வந்தால் சாவியை அணையுங்கள்!

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குச் சிமென்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போகிறது ஒரு பழைய அம்பாசடர். திடீரென்று பெட்ரோல் வாசம். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் நனைந்திருக்கிறது. முதல் வேலை, சாவியை அணைப்பது. கீழே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் பெட்ரோல் சொட்டினால் தீதான்.

பலர் கார்புரேட்டரையே மாற்றிவிடுகிறார்கள். வீண் செலவு! பழைய பம்ப்புக்குப் பதிலாக எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிய பிறகு ஒழுக ஆரம்பித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் ஊசி வால்வு தாங்குவது சுமார் 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப்போ 40 பி.எஸ்.ஐ. அளவுக்குத் தள்ளும். பாவம், ஊசி என்ன செய்யும்? கார்புரேட்டருக்கென்றே வரும் குறைந்த அழுத்த பம்ப்பைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் அப்போதும் கூடுதலாக இருந்தால் ரெகுலேட்டர் பொருத்தலாம்.

பம்ப் சரி, ஆனாலும் ஒழுகுகிறதா? ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. டேங்க் துருவில் ஒரு துகள் சிக்கினாலும் ஊசி மூடாது. ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஆயில் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொன்று. பழைய பம்ப் இன்ஜின் நின்றதும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் அப்படியல்ல. விபத்தில் இன்ஜின் நின்றாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் இறங்கியதும் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றை வைத்துத் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.