இந்தமுறை வர வேண்டாம்

கடந்த தீபாவளிக்கு முதல்நாள் மாலை, பதுளையில் எங்கள் அடுத்த வீட்டு ஆசிரியை வாசலில் வந்து நின்றார். "அண்ணே, குறை நினைக்காதீங்க. இவருக்குச் சுகமில்லை. நாளைக்கு எங்க வீட்டுக்கு யாரும் வர வேணாம். பொங்கலுக்குக் கட்டாயம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் உள்ளூர ஒரு குத்தல் இருந்ததை மறைப்பதற்கில்லை. பண்டிகை நாளில் அண்டை வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வழக்கமா? அவர் செய்ததுதான் சரி என்பது இரண்டு நாட்கள் கழித்தே எனக்கு உறைத்தது.

நான் வளர்ந்தது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. அங்கே வாசலுக்கு வந்தவர் வீட்டுக்குள் வந்தவர்தான். வருவோரும் ஒருவர் இருவரல்லர். மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி, மாசியில் காமன் கூத்தின் ரதியும் மதனும், தீபாவளியன்று தப்புக்காரர்கள், பின்னர் கோயில் வசூல், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள். அத்தனை பேருக்கும் தட்டில் முறுக்கும் கையில் சில்லறையும் வேண்டும்.

இதற்காகவே தீபாவளி முற்பணம் என்று ஒன்று உண்டு. பண்டிகைக்கு முன் தோட்ட நிர்வாகம் கொடுத்து, பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் கடன் அது. ஒருநாள் உபசரிப்பைப் பல மாதங்கள் கொழுந்து பறித்து அடைக்க வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021 மார்ச்சில்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் லயத்தின் தொங்கல் காம்பராவில் இருந்த குடும்பம் ஒரு தீபாவளியன்று கதவை உட்புறமாகத் தாழிட்டுக்கொண்டது. சிறுவர்கள் நாங்கள் கூடிநின்று தட்டினோம். உள்ளே குழந்தை இருமியது எல்லோருக்கும் கேட்டது. "பலகாரத்துக்குப் பயந்து பூட்டிக்கிட்டாங்க" என்றார் ஒருவர். லயமே சிரித்தது, நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்த அம்மா, மற்றவர்கள் எல்லோரும் போன பின்னரே பீலியில் தண்ணீர் பிடிக்கப் போவார். வீட்டுக்காரர் நோயில் கிடந்ததும், கையில் காசில்லாததும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இத்தனைக்கும், மறுப்பதற்கு நம்மிடம் வழி இல்லாமலில்லை. துக்கம் நிகழ்ந்த வீடு அந்த ஆண்டு தீபாவளி கொண்டாடாது, பலகாரம் சுடாது. அதை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. அயலவர்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதிகம் பேசாமல் திரும்புவர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டபின் வந்த பொங்கலில், அத்தகைய வீட்டார் எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2020 நவம்பர் 14ஆம் திகதித் தீபாவளிக்கு, கொரோனாவால் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறவே தடை இருந்தது. சொந்த மகனையே "வராதே" என்று சொன்னோம், உறவு அறுந்துபோகவில்லை.

சாவுக்கும் தொற்றுக்கும் கொடுக்கும் இந்தச் சலுகையை, கடனுக்கும் நோய்க்கும், ஏன் வெறும் களைப்புக்கும் கொடுத்தால் என்ன?

மறுப்பவருக்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டே "அப்பா இல்லை" என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் செய்வது மிகக் கேவலம். (எங்கள் தொழிலில் கடன்காரருக்குப் பயந்து இதைச் செய்தவர்கள் அநேகர். நானும் விலக்கல்லன்.) ஆசிரியை முதல்நாளே வந்தார், தாமே வந்தார், காரணத்தை ஒரு வரியில் சொன்னார், அடுத்து எப்போது வரலாம் என்பதையும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அது இல்லாதிருந்தால் என் மனைவி இன்றும் பேசியிருக்க மாட்டார்.

தீபாவளிக்கு மூன்றாம் நாள் என் மனைவி ஒரு தட்டில் முறுக்கும் பயற்றம் உருண்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஆசிரியை கதவைப் பாதிதான் திறந்தார். இவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தட்டு பொங்கலன்று திரும்பி வந்தது, சர்க்கரைப் பொங்கலுடன்.