பசுவுக்கு நான்கு கால், அப்புறம்?

"பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தரும்."

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் இதை எழுதாதவர் யார்? தாத்தா எழுதினார். அப்பா எழுதினார். இன்று மகனும் எழுதுகிறான். மூன்று பேர் எழுதியதும் ஒன்றுதான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை!

அந்த மகன் வீட்டில் ஒரு பசு இருக்கலாம். அது போன வாரம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அதைத் துரத்திப் போய் அவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கலாம். அதை அவன் எழுத மாட்டான். எழுதலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மலை அடிவாரத்துச் சிறுமி

பழனிக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி பாலசமுத்திரம். அருகிலே பாலாறு-பொருந்தலாறு அணை. தைப்பூசம் வந்துவிட்டால் பழனிக்குப் போகும் சாலைகளில் எல்லாம் காவடியும் பாதயாத்திரையும்தான்.

இங்கே வளரும் எட்டு வயதுச் சிறுமிக்குச் சொல்ல விஷயமா இல்லை? விஷயம் நிறைய இருக்கிறது. அதை எழுத ஓர் இடம்தான் இல்லை. வகுப்பறையில் பாடம் முடிக்க வேண்டும். வீட்டில் வேலை இருக்கும். மீதி இருப்பது பள்ளி நூலகம். வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால்கூடப் போதும்.

"படிக்கவே வரவில்லையே!"

"பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. கதை எழுதுவது எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கொரோனாவால் 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப்பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது! இதன் பலன் 'அசர்' என்ற ஆய்வில் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3-ம் வகுப்புப் பிள்ளைகள் 2-ம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிறார்களா என்று பார்த்தார்கள். 2018-ல் நூற்றுக்குச் சுமார் 10 பேர் படித்தார்கள். 2022-ல் சுமார் 5 பேர்தான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதே ஆண்டில் 4, 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்' என்ற இதழும் வந்தது.

ஆனால், "முதலில் படிக்கட்டும், பிறகு எழுதட்டும்" என்று காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தான் சொன்ன சொல்லைப் பிள்ளை சீக்கிரம் படித்துவிடும். இதைச் செய்து காட்டிய ஆசிரியை ஒருவர் உண்டு.

தினம் ஒரு சொல்

அவர் பெயர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். நியூசிலாந்து நாட்டுக்காரர். மாவோரி என்ற பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். பாடப்புத்தகம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அதில் இருந்தது யாருடைய வீடோ, யாருடைய வாழ்க்கையோ!

அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டார். பிள்ளை சொன்னதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதைப் படித்துவிட்டால் அட்டை பிள்ளைக்குச் சொந்தம். மறந்துவிட்டால் அட்டை கிழிக்கப்படும். 'பேய்', 'முத்தம்' போன்ற சொற்கள் ஒரே பார்வையில் மனதில் நின்றன. பயமும் பாசமும் உள்ள சொல் மறக்குமா? பிறகு அந்தச் சொற்களை வைத்தே பிள்ளைகள் தங்கள் கதையை எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள். 1963-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதை அவர் விவரித்தார்.

இதற்கு என்ன செலவு? பழைய காலண்டர் அட்டை, ஒரு பேனா. பாலசமுத்திரத்தில் முதல் அட்டையில் 'அணை' வருமா, 'யானை' வருமா, 'பஞ்சாமிர்தம்' வருமா? அதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

டால்ஸ்டாய்க்கே திருத்தம்!

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தம் ஊரில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒருநாள், ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கினார்கள். "நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்! அவர் எழுத உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இது சரியில்லை, அது சரியில்லை என்றார்கள். கடைசியில் கதை சொன்னது பிள்ளைகள், எழுதியது டால்ஸ்டாய். யாரிடம் யார் எழுதக் கற்பது என்று கேட்டு, 1862-ல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

நம் ஊரில் பழமொழிக்கா பஞ்சம்? ஆசிரியர் முதல் நாலு வரி எழுதட்டும். கொஞ்சம் தப்பாகவே எழுதட்டும்! பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

படித்த கதையின் முடிவை மாற்றி எழுதலாம். படக்கதையின் வசனத்தை மறைத்துவிட்டுப் புது வசனம் போடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, அப்பத்தாவிடம் ஒரு கதை கேட்டு வந்து எழுதுவது. அட்டையில், 'கதை சொன்னவர்' என்று அப்பத்தாவின் பெயரைப் போட வேண்டும். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் என்ன? கதை அவருடையதுதானே!

'மழை'யை 'மலை' என்று எழுதினால்? பாட நோட்டில் திருத்தலாம். கதை நோட்டில் சிவப்பு மை வேண்டாம். நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளையே வந்து, "எந்த 'ழ' சார்?" என்று கேட்கும்.

பீரோ சாவி

புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்று நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்தார். மத்திய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்டம் 2018-ல் வந்தபோது, பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 ஆயிரம் முதல் ரூ.20 ஆயிரம் வரை ஒதுக்கவும் வழி செய்தது. அப்படியிருந்தும் பல ஊர்களில் பீரோ பூட்டியே கிடக்கிறது. ஆசிரியர்மேல் மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. தொடக்கப்பள்ளியில் தனி நூலகர் கிடையாது. புத்தகம் தொலைந்தால் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பிள்ளைகள் எழுதித் தைத்த புத்தகத்துக்கு அந்தப் பயம் இல்லை. அதற்குப் பதிவேடு கிடையாது. பீரோவும் வேண்டாம், ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் தொங்கவிடலாம். கிழிந்தால், எழுதிய பிள்ளையே மறுபடி எழுதிவிடும். முதல் தடவையைவிட நீளமாகவே எழுதும்!